மலையகத்திலிருந்து திரைப்படமும் எண்ணிம ஊடகமும் படிக்கப் போகிறவருக்கு: முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பாடசாலைகளில் "சினிமா படிக்கணும்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இரண்டு பதில்களே கிடைக்கின்றன. "அதெல்லாம் படிப்பா?" என்பது ஒன்று. "கெமரா வாங்கு, பிறகு பார்க்கலாம்" என்பது மற்றது. இரண்டுமே பிழை. இது முறையான படிப்பு, அதற்கு உயர்தரப் பாடத் தெரிவிலிருந்தே தயாராக வேண்டும். பல்கலைக்கழகம் போகுமுன்னர் கெமரா வாங்கவும் தேவையில்லை. நல்ல ஒலியோடு முழுதாக முடித்த ஒரு மூன்று நிமிடப் படம் கையில் இருந்தால் போதும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த மூன்று நிமிடத்தைப் பற்றியே பேசுகிறது.

உயர்தரத்தில் எதை எடுப்பது

கலைப் பிரிவில் "தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும்" என்ற பாடம் இருக்கிறது. உங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் நாடகமும் அரங்கியலும் அல்லது சித்திரம் எடுக்கலாம். நாடகம் படித்தவருக்கு நடிகரோடு பேசத் தெரியும், காட்சியின் ஏற்ற இறக்கம் புரியும். சித்திரம் படித்தவருக்குச் சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது கைவரும். மூன்றாவதாக ஒரு மொழிப் பாடம் இருப்பது நல்லது, ஏனெனில் திரைக்கதையும் ஆய்வுக் கட்டுரையும் எழுத்து வேலைதான்.

ஆனால் விருப்பத்தை மட்டும் பார்த்துப் பாடம் எடுத்துவிட்டு இசட் புள்ளியில் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) தவறிப் போகிறவர்கள் அதிகம். ஆசிரியர் இல்லாத பாடத்தைத் தனியே படித்து எழுதுவதை விட, பாடசாலையில் நன்றாகக் கற்பிக்கப்படும் பாடத்தில் உயர்ந்த புள்ளி பெறுவது பல்கலைக்கழக வாசலைத் திறக்கும். ஊடக அறிவை வெளியே வளர்த்துக்கொள்ளலாம்.

அடிப்படைத் தகுதியை நினைவில் வையுங்கள். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளாவது பெற வேண்டும். மற்றப் பாடங்களில் மூழ்கிப் போய் இந்த 30ஐ அலட்சியம் செய்கிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

எங்கே, எந்த மொழியில்

முதலில் பார்க்க வேண்டியது போதனாமொழி. தமிழில் படிக்க விரும்பினால் வடக்கு, கிழக்கு நிறுவனங்களே பிரதான தெரிவுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் இருக்கிறது. மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும், கட்புல தொழினுட்பக் கலை ஆகிய துறைகள் இருக்கின்றன. தெற்கில் களனிப் பல்கலைக்கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஹொரணை ஸ்ரீபாலி வளாகமும், கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமும் ஊடகத்திலும் அழகியலிலும் பெயர் பெற்றவை. அங்கே சிங்களமும் ஆங்கிலமும் இல்லாமல் வகுப்பில் இருப்பது கடினம்.

மலையகப் பிள்ளைகள் பலருக்குப் பேச்சுச் சிங்களம் வீட்டுக்கு வெளியேயே பழகியிருக்கும். அது ஒரு பலம். ஆனால் சந்தையில் பேசும் சிங்களம் வேறு, கோட்பாடு எழுதும் சிங்களம் வேறு. தெற்குப் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்தால் பெறுபேறு வருவதற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட மாதங்களை எழுத்துச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒதுக்குங்கள்.

இசட் புள்ளி போதாவிட்டாலும் பாதை மூடவில்லை. தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் ஊடகத் தயாரிப்பு சார்ந்த பயிற்சியில் படிப்படியாக ஏறி, தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை போகலாம். காலம் கூடுதலாக எடுக்கும். ஆனால் கைவேலை அறிவோடு போவதால் கருவி அறையில் தடுமாற மாட்டீர்கள்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூலை முழுதாக வாசியுங்கள். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு குறியீடு உண்டு, விருப்ப வரிசையை அந்தக் குறியீட்டில்தான் கொடுப்பீர்கள். முந்திய ஆண்டு வெட்டுப்புள்ளிப் பட்டியலில் உங்கள் மாவட்டத்தின் நிரலை எடுத்துப் பாருங்கள். நுவரெலியாவும் பதுளையும் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களாகக் கணிக்கப்படுகின்றன, அதனால் அயல் மாவட்ட நண்பரின் புள்ளியை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணக்கிட வேண்டாம்.

பலரும் வழுக்கி விழும் இடம் உளச்சார்புப் பரீட்சை. அழகியல், ஊடகம் சார்ந்த சில கற்கைநெறிகளுக்கு ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம் மட்டும் போதாது. சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, அவர்கள் நடத்தும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன் முடிவுத் திகதி வேறு. கைநூலில் அந்தக் குறிப்பைக் கண்டதும் திகதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நேர்முகத்தில் "எதைச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் காட்ட ஒன்று வேண்டும். அதற்கு வருவோம்.

மூன்று நிமிடப் படம்: எதை எடுப்பது

கதைப்படம் வேண்டாம். பழக்கமில்லாத நடிப்பும் எழுதிய வசனமும் முதல் படத்தைக் கெடுத்துவிடும். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பதை எடுங்கள். தொடக்கமும் தடையும் முடிவும் அந்த வேலைக்குள்ளேயே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: தப்பு என்னும் தோல்மேளத்தைக் காய்ச்சுவது. மாசியில் காமன் கூத்துக்கோ ஆடித் திருவிழாவுக்கோ முன்னர், பனி ஈரத்தில் தளர்ந்த தோலை நெருப்பில் காட்டி இறுக்குவார்கள். நெருப்பு மூட்டுவது, தட்டிப் பார்ப்பது, சத்தம் மந்தமாக இருப்பது, மீண்டும் காய்ச்சுவது, சத்தம் கணீரென்று ஏறுவது. பார்ப்பவர் ஒரு சொல் கேளாமலே மாற்றத்தைக் காதால் உணர்வார். முதல் படத்துக்கு இதைவிட நல்ல கட்டமைப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எடுக்குமுன் கணக்குப் போடுங்கள். சராசரியாக ஒரு ஷொட் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டு) 6 வினாடி என்றால் மூன்று நிமிடத்துக்கு 30 ஷொட் வேண்டும். பத்து நிமிடம் எடுத்து ஒரு நிமிடம் பயன்படுத்தும் விகிதத்தில் எடுத்தால் மொத்தப் பதிவு 30 நிமிடம். அதற்கு மேல் எடுப்பவர் பெரும்பாலும் எதை எடுப்பது என்று தீர்மானிக்காதவர். 1080 தரத்தில், வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 150 மெகாபைட் போகும், 30 நிமிடத்துக்கு நாலரை ஜிகாபைட். சாதாரண போனில் அடங்கிவிடும்.

அனுமதி

தோட்டத்து மக்களைக் கெமரா நெடுங்காலமாகத் துரத்தி வந்திருக்கிறது. கொழுந்துக் கூடையும் சிரித்த முகமும் தபாலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் வந்தன, பெயர் வரவில்லை. அதனால் நீங்கள் அந்தத் தோட்டத்துப் பிள்ளையாகவே இருந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

யார், எதற்காக, எங்கே காட்டப் போகிறீர்கள், பிறகு வேண்டாம் என்றால் நீக்கிவிடுவீர்கள் என்ற நான்கையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரிடம் அதையே வாசித்துக் காட்டி, அவர் சம்மதிப்பதை ஒலிப்பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கொழுந்து மலை, பிரட்டுக்களம் (தொழிலாளர் காலையில் கூடும் இடம்), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஆகிய இடங்களில் எடுக்கத் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பாடசாலை அதிபரின் கடிதத்தையும் இணைத்தால் வேலை இலகு. ரயில் நிலையத்தில் எடுக்க ரயில்வே திணைக்களத்திடமும், ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடமும் அனுமதி பெற வேண்டும். முதல் படத்துக்கு ட்ரோன் தேவையே இல்லை.

கொழுந்து எடுப்பவரை வேலை நேரத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். அவருக்கு நிறைக் கணக்கு உண்டு. உங்கள் ஒரு ஷொட்டுக்காக அவர் நின்ற பத்து நிமிடம் தராசில் குறையும். கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் நேரமும், தேத்தண்ணி நேரமும் பேசுவதற்கு உகந்தவை.

போனைச் சரிசெய்தல்

போனோடு வரும் கெமரா செயலி எல்லாவற்றையும் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். பிளாக்மேஜிக் கெமரா செயலி இலவசம். அது உங்கள் போனில் ஓடினால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று பூட்டுங்கள். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மின்விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். போன் வழக்கமாக எடுக்கும் 30 சட்டகமும் 1/60 ஷட்டரும் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது, தோட்டத்து லய வீட்டுக்குள் குழல் விளக்கின் கீழ் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். பிறகு அதை நீக்குவது பெரும் பாடு.

பனிமூட்டம் மலையகத்தின் அழகு, தானியங்கிக் கெமராவுக்கோ தொல்லை. வெண்பனியைக் கெமரா "அதிக வெளிச்சம்" என்று எண்ணி இருட்டாக்கும், வெள்ளை சாம்பலாகும். வெளிச்ச அளவை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டிப் பூட்டுங்கள். குவியம் பிடிக்க விளிம்பு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், அதனால் குவியத்தையும் பூட்டுங்கள். வெண்சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) 6000 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். நெருப்பு வெளிச்சத்தில் 4000க்கு இறக்கினால் செம்மை கொஞ்சம் மிஞ்சும், முகமும் இயல்பாக இருக்கும். நெருப்பு இருக்கும் சட்டகத்தில் வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து பூட்ட வேண்டும். நெருப்புக்கு அளந்தால் முகம் கரியாகிவிடும்.

குளிரில் நின்ற போனை அடுப்பெரியும் குசினிக்குள் கொண்டுபோனால் லென்ஸ் வேர்க்கும். ஈரமான சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராவது அது. காற்றுப் புகாத பையில் போனைப் போட்டு மூடி, உள்ளே போய் 20 நிமிடம் கழித்துத் திறங்கள். சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே எடுத்தால் கோடு விழுந்த கண்ணாடிதான் மிஞ்சும். கெமராவும் லென்ஸும் வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். இந்த ஊர்க் காற்றில் அலுமாரிக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது நிச்சயம். அரிசிக்குள் வைப்பது தூசியைத்தான் சேர்க்கும்.

முக்காலியைச் சரிவில் நிறுத்தும்போது இரண்டு காலைப் பள்ளப் பக்கமும் ஒரு காலை மேட்டுப் பக்கமும் வையுங்கள். உரப்பையில் கல் போட்டு நடுத்தண்டில் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. ஒவ்வொரு ஷொட்டையும் 10 வினாடி அசையாமல் பிடியுங்கள். தொகுக்கும்போது பயன்படுவது 4 வினாடி என்றாலும், அந்த நான்கு எங்கே இருக்கும் என்று எடுக்கும்போது தெரியாது.

ஒலி

பணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது மைக். கெமராவும் லென்ஸும் விளக்கும் அதற்குப் பிறகுதான். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு விளங்காவிட்டால் எழுந்து போவார். மாணவர் படங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

சட்டையில் குத்தும் சிறிய மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், நெஞ்சு நடுவில் பொருத்துங்கள். சேலைத் தலைப்பு, கம்பளிச் சால்வை, இடுப்பில் கட்டிய படங்கு எல்லாம் உரசும். பேட்டிக்கு முன்னர் 15 வினாடி கையை ஆட்டச் சொல்லி ஹெட்போனில் கேளுங்கள். உரசினால் கம்பியைச் சிறு வளையமாக மடித்து நாடாவால் ஒட்டுங்கள். மலைக்காற்றுக்குச் சாதாரண பஞ்சு உறை போதாது, மயிர் உறை வேண்டும்.

பதிவை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக எடுங்கள். மணிக்கு அரை ஜிகாபைட்தான் போகும். பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். தப்பு பதியும்போது இது கட்டாயம். அது அணையாதிருந்தால் ஓர் அடி விழுந்ததும் ஒலி அமுங்கும், அடுத்த அடிக்குள் மெல்ல ஏறும், கடைசியில் தாளமே சிதைந்துவிடும். மூன்று மீற்றர் தள்ளி நின்று, மிகப் பலமாக அடிக்கச் சொல்லி அந்த அளவுக்கு மட்டத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பிறகு பதியுங்கள்.

தகரக் கூரையில் மழை விழும்போது பேட்டி எடுக்காதீர்கள். அந்த இரைச்சல் பேச்சின் அலைவரிசை முழுதையும் மூடும், எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. மழை விடவில்லை என்றால் பேட்டியை விட்டுவிட்டு மழையைப் பதியுங்கள். தனியாக எடுத்த இரண்டு நிமிட மழை, பிறகு வெட்டு விழுந்த இடங்களையெல்லாம் மறைக்கும். எந்த இடத்தில் எடுத்தாலும் கிளம்புமுன் எல்லாரையும் அமைதியாக நிற்கச் சொல்லி 60 வினாடி அந்த இடத்தின் ஓசையைப் பதிந்துகொள்ளுங்கள். மைக் தனிக் கருவியில் ஓடினால், ஒவ்வொரு எடுப்பின் தொடக்கத்திலும் கெமராவுக்கு முன் ஒரு தடவை கை தட்டுங்கள். ஒத்திசைக்க அது போதும்.

தொகுப்பு

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே பட்டப்படிப்பு முழுதுக்கும் தாங்கும். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினி திணறும், ப்ரொக்சி கோப்பு (காணொளியின் இலகுவான சிறு பிரதி) உருவாக்கி அதில் வேலை செய்யுங்கள். 16 இருந்தால் நிம்மதி.

போனின் சொந்தச் செயலியில் எடுத்த காணொளிக்குச் சட்டக வேகம் நிலையாக இருக்காது. தொகுக்கும்போது தொடக்கத்தில் வாயும் சத்தமும் பொருந்தும், ஐந்தாம் நிமிடத்தில் விலகிப் போகும். ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் "நிலையான சட்டக வேகம்" என்று மாற்றி எடுத்த பிறகே தொகுப்புக்குள் கொண்டுவாருங்கள்.

முதலில் ஒலியை மட்டும் அடுக்குங்கள். கண்ணை மூடிக் கேட்டால் கதை விளங்க வேண்டும். அதன் பிறகு படத்தை வையுங்கள். திரைப்பாட்டை எடுத்துப் பின்னணியில் போடும் ஆசையை விடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கு இடம் தராது, விழாக்களும் திருப்பி அனுப்பும்.

தமிழ் எழுத்தில் இரண்டு தொல்லைகள். பாமினி எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், யுனிகோடில் தட்டுங்கள். யுனிகோடிலும் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். பிரீமியரில் என்றால் அமைப்புகளுக்குள் போய் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். மற்றதில் சரிவராவிட்டால் தலைப்பை வேறு மென்பொருளில் படமாகச் செய்து கொண்டுவந்து வையுங்கள். துணையுரைக் (திரையின் அடியில் ஓடும் வரிகள்) கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். தமிழ்ப் படமாக இருந்தாலும் சிங்களத் துணையுரை ஒன்று, ஆங்கிலத் துணையுரை ஒன்று செய்யுங்கள். "பிரட்டு", "கங்காணி", "காம்பரா" போன்ற சொற்களை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசிக்கும்போதே நல்ல ஆய்வுத் தலைப்பு ஒன்று கிடைத்துவிடும்.

முதலாம் ஆண்டில்

முதல் இரண்டு அரையாண்டில் கருவியைத் தொடும் நேரம் குறைவு. வரலாறு, கோட்பாடு, படப் பகுப்பாய்வு, கட்டுரை. பலர் இங்கே சோர்ந்துபோகிறார்கள். பகுப்பாய்வுக்கு ஒரு முறை: ஐந்து நிமிடப் பகுதியை ஒரு தடவை ஒலியை அணைத்துப் பாருங்கள், ஒரு தடவை திரையை மூடிக் கேளுங்கள், மூன்றாவது தடவை ஒவ்வொரு ஷொட்டின் நீளம், அளவு, கேட்கும் ஒலி ஆகியவற்றை அட்டவணையில் எழுதுங்கள்.

மலையகத்தவருக்கு இதற்கு ஏற்ற படம் 1934இல் பாசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்'. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த வரிகளை லயனல் வென்ட் வாசிக்கிறார். வணிகத்தின் குரல்கள் என்ற மூன்றாம் பகுதியில் உழைக்கும் உடல்கள் படத்திலும், விலைகளும் வணிகச் செய்திகளும் ஒலியிலும் ஓடுகின்றன. தோட்டத்துத் தொழிலாளிக்குச் சொந்தக் குரல் எத்தனை வினாடி கிடைக்கிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் அளந்து பாருங்கள். அந்த எண்ணிலிருந்து ஒரு முழு ஒப்படை எழுதலாம்.

உள்ளூர் ஆதாரத்துக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இலவசம். மலையகச் சஞ்சிகைகளும் மலர்களும் அங்கே கிடைக்கின்றன.

குழு வேலையில் எல்லாரும் இயக்குநராக விரும்புவார்கள். நீங்கள் ஒலிப்பதிவையோ தொகுப்பையோ கேட்டு வாங்குங்கள். ஒரு ஆண்டுக்குள் எல்லாக் குழுவும் உங்களைத் தேடும்.

செலவு

மகாபொல புலமைப்பரிசிலுக்கு அல்லது பல்கலைக்கழக நிதியுதவிக்கு அனுமதி கிடைத்ததும் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் முற்கூட்டியே எடுத்து வையுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் ஊடாக உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் புலமைப்பரிசில் தருகிறது. அதற்குப் பெற்றோரின் தோட்ட வேலைச் சான்று தேவைப்படும். தோட்ட அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்க நாளாகும், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

கருவி வாங்கும் வரிசை: மைக், மயிர் உறை, முக்காலி, வெளி வன்தட்டு இரண்டு, பிறகு மடிக்கணினிக்கு நினைவகம். கெமராவைத் துறையிலிருந்து இரவல் வாங்குங்கள்.

இறுதியாண்டுப் படம்

பெரும்பாலான துறைகளில் ஒரு படமும் ஓர் ஆய்வும் கேட்பார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்து எடுப்பதாக இருந்தால் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் ஆனி, ஆடியில் நுவரெலியாப் பக்கத்து வெளிப்புறக் காட்சிகளைத் திட்டமிட வேண்டாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அப்போது வறண்டிருக்கும். அங்கே ஐப்பசியிலிருந்துதான் பெருமழை. ஒரே படத்தில் இரண்டு பக்கமும் வந்தால் இந்த வேறுபாட்டை வைத்தே அட்டவணை போடுங்கள்.

அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரண்டு வன்தட்டில் ஏற்றுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது இன்னொரு வீட்டில். பிரதி எடுத்ததைத் திறந்து ஓட்டிப் பார்க்காமல் போனை அழிக்காதீர்கள். மின்வெட்டில் பாதியில் நின்ற பிரதி, கோப்புறையில் பார்த்தால் முழுதாகத் தெரியலாம்.

படம் முடிந்ததும் துறைக்குக் கொடுக்குமுன் படத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுங்கள். கோயில் மண்டபமோ சனசமூக நிலையமோ, ஒரு வெள்ளை வேட்டியும் இரவல் புரொஜெக்டரும் போதும். எங்கே பேச்சு நின்று எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள், எங்கே பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குகிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத்துப் பிழையா, முறை பிழையா, ஊர்ப் பெயர் பிழையா என்பதையும் அவர்களே சொல்வார்கள். திருத்தி முடித்த பிரதியை 1080 தரத்தில் பென் டிரைவில் போட்டு, படத்தில் முகம் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்புங்கள்.